விரியனுக்கு எழுதிய மூச்சு

"உசுரோட இருக்கா, செத்ததா?"

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். குமுளிப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள், "சேட்டா, ஜீவனுண்டோ?" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை. முதல் கூடத்தில் பஞ்சடைத்த சிறுத்தையும் காட்டெருமைத் தலையும் இருக்கும். கதவைத் தாண்டினால் அடுத்த கூடத்தில் உயிருள்ள பாம்பும் உடும்பும் ஆமையும் இருக்கும். செத்தது பல்லைக் காட்டிக்கொண்டு பாயத் தயாராக நிற்கும். உயிருள்ளதோ வாரம் முழுக்கப் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஒரே இடத்தில் கிடக்கும். பார்க்கிறவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? நான் சிறுத்தையைக் காட்டி, "நீங்க டிக்கெட் எடுக்குற வரைக்கும் உசுரோடதான் இருந்துச்சு" என்பேன். சிரிப்பார்கள். முப்பத்தொரு வருஷம் அதே வேடிக்கைதான். எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாகத் திரும்பினால் அந்தக் கட்டடம். எஸ்டேட் முதலாளி ஒருவர் சேர்த்துவைத்த பஞ்சடைத்த உருப்படிகளோடு தொடங்கிய இடம். அவர் காலத்துக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை எடுத்து நடத்தியது. தோட்டங்களிலும் வீடுகளிலும் அடிபட்டு, திரும்பக் காட்டில் விட முடியாமல் போன பிராணிகளை அனுமதி வாங்கி அங்கே வைத்துப் பராமரித்தோம். அதில் நான் பிராணிக் காப்பாளன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்த நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். இப்போது கூண்டுக்கு ஒரு கேமரா மாட்டிவிட்டார்களாம். பழைய முறைகளை யாராவது எழுதிவைக்க வேண்டுமாம். அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொழில் பழகிய காலத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். முதல் வருஷம் பாம்புகளுக்குத் தீனியாக எலி வளர்த்தேன். இரண்டாம் வருஷம் தண்ணீர்த் தட்டு கழுவினேன். மூன்றாம் வருஷம்தான் பாம்பு தூக்கும் கொக்கியைக் கையில் கொடுத்தார்கள். எங்களுடையது பண்ணைப்புரத்து விவசாயக் குடும்பம். "காடு கரை இருக்கும்போது பாம்புக்குச் சோறு போடப் போறியாக்கும்" என்று அப்பா ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எங்கள் கிணற்றில் விழுந்த சாரையை நான் ஒற்றைக் கொக்கியில் தூக்கி வெளியே விட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து, "எம்மவன் கவர்மென்டு பாம்பு ஆபீசரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவர்மென்டும் இல்லை, ஆபீசரும் இல்லை. நான் திருத்தப் போகவில்லை.

முப்பத்தொரு வருஷத்தில் என்னை ஒரு பாம்புகூடக் கடித்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி எஸ்தர் மேடத்துக்குச் சேரும்.

எஸ்தர் மேடம் எங்கள் காப்பாட்சியர். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து விலங்கியல் படித்துவிட்டு வந்தவர். பருத்திச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன டார்ச் தொங்கும். கூண்டுகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எங்களையும் அப்படித்தான் நடக்கச் சொல்வார். "சும்மா இருக்குற கை எதையாவது தொடும்" என்பது அவர் வாக்கு. யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் கூடாது, மரியாதைதான் கூடும். "தங்கராசு அவர்களே" என்று ஆரம்பித்தாரென்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன்.

அவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆடி வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நல்ல பாம்புக்குப் பால் ஊற்ற ஆட்கள் வந்துவிடுவார்கள். அவருக்கு முன்னால் இருந்தவர் கேட்டிலேயே விரட்டுவார், சண்டை நடக்கும். மேடம் வந்த முதல் ஆடியில் அல்லிநகரத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி ஓர் அம்மா செம்பு நிறையப் பாலோடு வந்து நின்றார். "நாகத்துக்கு ஊத்தாம இங்கனருந்து நகர மாட்டேன்" என்று அடம். மேடம் அவரை உள்ளே கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"பாம்பு பால் குடிக்காதும்மா, குடிச்சா அதுக்கு நோவு வந்துரும். அது நல்லா இருக்கணும்னுதானே வந்தீக?"

"ஆமா தாயி."

"அப்ப அதுக்குக் காவல் இருக்குறவுகளுக்குக் குடுங்க. இவுக தெம்பா இருந்தாத்தான் அது நல்லா இருக்கும்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப சீனியும் வாங்கியாரவா?" என்றார். அன்றிலிருந்து ஆடி வெள்ளி முழுக்க எங்களுக்குக் கெட்டிப் பாலில் டீ. நாகத்துக்கும் வயிற்றுவலி இல்லை.

இனி, கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். எண்ணுவது.

எங்கள் இடத்தில் எண்ணுவது என்றால் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று சொல்வது இல்லை. திறப்பதற்கு முன் காலையில் ஒரு தடவை, மூடிய பிறகு ஒரு தடவை, ஒவ்வொரு கூண்டின் முன்னும் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்: நாக்கு, மூச்சு, நகர்வு. நாக்கை நீட்டியதைப் பார்த்தால் நோட்டில் 'நா' என்று எழுதலாம். விலா ஏறி இறங்குவதைப் பார்த்தால் 'மூ'. இடம் பெயர்ந்தால் 'ந'. டிக் போடக் கூடாது. மலைப்பாம்பு மூச்சு விடுவதைக் காட்டாமல் நம் பொறுமையைச் சோதிக்கும். ஆமையோ ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு எனக்கென்ன என்று இருக்கும். அதற்கெல்லாம் நின்றே ஆக வேண்டும். நாற்பத்திரண்டு உயிர்களையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரமாகும்.

நான் ஒரு நாள் அலுத்துக்கொண்டேன். "மேடம், அங்கன கெடக்குறது கண்ணுக்குத் தெரியுது. அது எங்க போயிரப் போகுது?"

"பக்கத்துக் கூடத்துல சிறுத்தையும் கண்ணுக்குத் தெரியுது தங்கராசு. அதையும் சேத்து எழுதிருவீகளா?" என்றார்.

இன்னொரு முறையும் இருந்தது. அதற்குப் பெயர் 'கல்லு'. யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், கட்டடத்துக்குள் இருக்கும் வேலையாட்கள் எல்லாரும் இருந்த நிலையில் அப்படியே நிற்க வேண்டும். தூக்கிய கால் தூக்கியபடி, நீட்டிய கை நீட்டியபடி. சொன்னவர் மட்டும்தான் பேசலாம். எது, எங்கே, யாருக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொல்லவேண்டும், பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாள், எதிர்பாராத நேரத்தில் மேடம் "கல்லு" என்பார். நாங்கள் வாளியும் கையுமாக, வெற்றிலையும் வாயுமாகச் சிலையாகி நிற்போம். அவர் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "போதும்" என்றால்தான் அசையலாம். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் வெளியே போய்ச் சொல்லிச் சிரித்ததுண்டு.

இந்த விளையாட்டில் முதல் மார்க் எப்போதும் பாண்டியம்மாவுக்குத்தான். பாண்டியம்மா எங்கள் துப்புரவுப் பணியாளர், கம்பத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அண்ணே என்பார். "நாத்து நட்டவ மேடம் நானு. குனிஞ்சா குனிஞ்ச மேனிக்கு நிப்பேன்" என்று மார்தட்டுவார். பஞ்சடைத்த பிராணிகளைத் தூசி தட்டுவது அவர் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். சிறுத்தைக்குச் சின்னத்துரை. காட்டெருமைக்குப் பெரிய மாமா.

முதல் கூடத்தில் 'குன்றுப் பெட்டி' என்று ஒன்று உண்டு. நம் பக்கத்து முள்காட்டுக் குன்றின் ஒரு துண்டை வெட்டி வைத்தது போல, பாறை, காய்ந்த சருகு, கள்ளி எல்லாம் வைத்து, அதற்குள் பஞ்சடைத்த முயல் ஒன்று, கவுதாரி ஜோடி ஒன்று, பாறையடியில் பதப்படுத்திய கண்ணாடி விரியன் ஒன்று. முன்னால் பெரிய கண்ணாடி. பின்னால் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு மரக்கதவு. அந்தச் செத்த விரியன் நிறம் வெளுத்து, செதில் உதிர்ந்து கிடக்கும். பாண்டியம்மா அதைக் 'கிழவன்' என்பார். செவ்வாய்க்கிழமை காலையில் பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, இடுப்பு வரை உள்ளே போய், பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டுவார்.

அந்தக் கதவு இரண்டு கூடத்துக்கும் பின்னால் ஓடும் நடையில் திறக்கும்; அதே பின்நடையில்தான் உயிருள்ள பாம்புகளின் கூண்டுக் கதவுகளும் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்து பத்தாவது வருஷம். அதுவரை தற்காலிகம்தான். வருஷா வருஷம் உத்தரவு புதுப்பிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை அறக்கட்டளைக் கூட்டத்தில் என் வேலையை நிரந்தரமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மேடமே எழுதி அனுப்பியிருந்தார். நானும் வீட்டில் சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஆனி மாதம், மலைக்கு அந்தப் பக்கம் மழை. இங்கே விடாத சாரல். மரக்கதவெல்லாம் ஊறி உப்பி, குன்றுப் பெட்டிக் கதவுகூடச் சரியாகச் சாத்தாமல் கை நுழையும் இடைவெளி விட்டு நின்றது. எங்கள் கண்ணாடி விரியன் சட்டை உரிக்கும் பருவத்தில் இருந்தது. அந்தச் சமயத்தில் பாம்புக்குக் கண்ணில் பால் படர்ந்த மாதிரி இருக்கும், நிறம் மங்கிவிடும், தின்னாது, அசையாது. அதுவும் நாலைந்து நாளாக அதன் மண்பானைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தட்டை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் உப்பிய மரத்தில் மாட்ட மறுத்தது. ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். கண் தெரியாமல் கிடக்கிற பாம்பு எங்கே போகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் காலை எண்ணிக்கொண்டே வந்தேன். விரியன் கூண்டுக்கு முன்னால் நின்றேன். பானை வாய்க்குள் மங்கலாக ஒரு சுருள், அதன்மேல் சங்கிலி போட்ட மாதிரி அந்தக் கோலம். நேற்றுப் பார்த்த மாதிரியே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று உண்மையைச் சொல்வதானால், நிற்கவே இல்லை. நடந்துகொண்டே 'மூ' என்று எழுதினேன்.

நான் பார்த்தது பாம்பில்லை. இரவோடு இரவாக அது உரித்துப் போட்டுவிட்டுப் போன சட்டை.

அன்றைக்குத் தேவாரம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மனைவியோடு முதல் பஸ்ஸில் வந்து கேட்டில் நின்றார். திறக்க இன்னும் நேரம் இருந்தது. சாரலில் நனைகிறார்களே என்று நான் உள்ளே விட்டேன். அதுவும் முறையில்லைதான். குன்றுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே பாண்டியம்மா எங்களைப் பார்த்த மேனிக்கு மண்டியிட்டு, முயலின் காதுக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

"ஏங்க, அந்தப் பாம்பு மூச்சு விடுதுங்க" என்றார் தோட்டக்காரர் மனைவி.

"அடி போடி இவளே" என்றார் அவர்.

நான் என் வழக்கமான வேடிக்கையை எடுத்துவிட்டேன். "ஆத்தா, அது நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே செத்துப்போச்சு. இனிமே எங்கிட்டு மூச்சு விட?"

"பாறையடியில கெடக்குறது இல்லய்யா" என்றார் அந்த அம்மா. "கவுதாரிகிட்ட கெடக்குதே, அது."

பார்த்தேன். பாறையடியில் கிழவன் கிடந்தான். கவுதாரிப் பேடுக்குப் பின்னால், விளக்கின் சூடு விழும் இடத்தில், சருகு நிறத்தில் இன்னொரு சுருள். புதுச் சட்டையில் எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. அதன் விலா மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. பாண்டியம்மா முயலை முடித்துவிட்டார். பிரஷ் பிடித்த வலது கை கவுதாரியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் உடனே "கல்லு" என்று கத்தினேன். குரல் கட்டடம் முழுக்க அதிர்ந்தது. பாண்டியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிரஷ்ஷின் நுனிக்கும் விரியனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஆபீசில் நாற்காலி இழுபட்ட சத்தம் பாதியில் நின்றது. சொல்லாமலே தோட்டக்காரரும் மனைவியும்கூடச் சிலையாக நின்றார்கள்.

"கண்ணாடி விரியன். வெளிய இருக்கு. குன்றுப் பெட்டிக்குள்ள, கவுதாரிக்குப் பின்னால. பாண்டியம்மா வலது கைகிட்ட" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"தங்கராசு, நீங்க பாம்பைப் பாத்துக்கிட்டே இருங்க. நான் பின்னால வர்றேன்" என்று மேடத்தின் குரல் வந்தது. தினமும் டீ வாங்கி வரச் சொல்லும் அதே குரல்.

ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. பாண்டியம்மாவின் தோளுக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. ஒரு கையில் கொக்கி, மறு கையில் ஒரு பிளைவுட் பலகை. விரியன் தலையைச் சற்றே உயர்த்தியது. கண்ணாடியைத் தாண்டி அதன் சீறல் எனக்குக் கேட்டது. குக்கர் விசில் அடிக்கும் முன் இழுக்குமே, அந்த மாதிரி நிறுத்தாமல் ஒரு சத்தம்.

"பாண்டியம்மா, நீங்க கண்ணை மூடிக்கலாம்" என்றார் மேடம். "கைய எங்கிட்ட விட்டுருங்க. அது இப்ப என் கை. நான் சொல்ற வரைக்கும் நீங்க அதுக்குப் பொறுப்பு இல்ல."

பாண்டியம்மா கண்ணை மூடவில்லை. பிரஷ் ஆடவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றதை நான் பார்த்தேன். மேடம் பலகையைச் சருகுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். நகர்த்துவார், நிறுத்துவார், மறுபடி நகர்த்துவார். கைக்கும் பாம்புக்கும் நடுவில் பலகை செங்குத்தாக நின்ற நொடியில் விரியன் அடித்தது. டக்கென்று பலகையில் விழுந்த அந்த அடி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "இப்ப கைய எடுங்க" என்றார் மேடம். பாண்டியம்மா பின்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு கொக்கி, பை, முடிச்சு எல்லாம் மேடத்துக்குத் தினசரி வேலைதான்.

பாண்டியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "தண்ணி குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மேடம் வெளியே வந்து தோட்டக்காரர் மனைவியிடம் முதலில் போனார். "நீங்க பாத்த மாதிரி பாக்கத்தான் இங்கன எங்களுக்குச் சம்பளம் குடுக்குறாக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வாசலைச் சாத்தச் சொன்னார். பிறகு நோட்டைக் கேட்டார்.

நான் கொடுத்தேன். விரியனுக்கு நேரே இருந்த எழுத்தில் விரலை வைத்தார்.

"தங்கராசு அவர்களே, இந்த மூச்ச எங்க பாத்தீக?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாக்கல மேடம்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்பிள்ளை, ஒரு நோட்டுக்கு முன்னால் நின்று அழுதேன்.

அவர் அந்த எழுத்தை அடிக்கவில்லை. அதன் கீழே நடந்ததைத் தன் கைப்பட எழுதினார். கீழ்த் தாழ்ப்பாள் போடாதது, சட்டையைப் பாம்பென்று எழுதியது, நேரத்துக்கு முன் ஆள் விட்டது எல்லாம் என் பெயரில். மழைக்கு முன் கதவுகளை இழைக்கச் சொல்லாதது தன் பெயரில். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், தானும் போட்டார். அதன் நகல் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனது. என் நிரந்தரம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்றால் பொய். மூன்று வருஷம் கழித்து உத்தரவு வந்தபோது அதிலும் அவர் எழுதியிருந்தார்: 'இவர் எண்ணினால் மறுபடி எண்ணத் தேவையில்லை.' அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ரெண்டு விதிகள் கூடின. பின்நடையில் எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னாலும் முன்பக்கம் ஓர் ஆள் நின்று உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும். செத்ததையும் தினமும் எண்ண வேண்டும், அதற்கு நேரே 'மூச்சில்லை' என்று எழுத வேண்டும். சிறுத்தைக்கு மூச்சில்லை, காட்டெருமைக்கு மூச்சில்லை, கிழவனுக்கு மூச்சில்லை. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து இந்தக் கதையைச் சொல்வது என் வேலையாயிற்று. மேடம் ஓய்வு பெற்ற பிறகும் சொன்னேன். இருபத்தொரு வருஷம் சொல்லியிருக்கிறேன். என் தப்பு எதையும் ஒளித்ததில்லை. கடைசியில், "அண்ணன் மட்டும் கல்லுன்னு கத்தலைனா பாண்டியம்மாக்கா இன்னைக்கு இல்ல" என்று யாராவது சொல்வார்கள். வாளியோடு அந்தப் பக்கம் போகும் பாண்டியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

இதுவரை எழுதிவிட்டு, இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று போன வாரம் கிளம்பினேன். பாண்டியம்மாவும் ஓய்வு பெற்றுவிட்டார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவரையும் கூட்டிக்கொண்டேன். டிக்கெட் கொடுக்கும் பிள்ளைக்கு எங்களைத் தெரியவில்லை, ரெண்டு டிக்கெட் எடுத்தோம். வாழ்க்கையில் முதல் தடவை. "சின்னத்துரையப் பாக்க நம்மகிட்டயே டிக்கெட்டா!" என்று பாண்டியம்மா சத்தமாகச் சொன்னார்.

இப்போது பொறுப்பில் இருக்கும் காப்பாட்சியர் கேமராப் படத்தைப் போனில் ஒவ்வொரு கூண்டாகக் காட்டினார். துல்லியமாகத்தான் இருந்தது. இதெல்லாம் அன்றைக்கு இருந்திருந்தால் அந்த விரியன் கதவைத் தாண்டியதை அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும் என்று நானே சொன்னேன். "அப்ப உங்க நா, மூ, ந இன்னும் வேணுமா சார்?" என்று கேட்டார். "கேமராலயும் உரிச்ச சட்ட பாம்பு மாதிரிதாம்மா தெரியும். நின்னு பாக்குறதுக்கு ஆள் வேணும்" என்றேன். குறித்துக்கொண்டார்.

குன்றுப் பெட்டி அப்படியே இருந்தது. கிழவன் இன்னும் வெளுத்திருந்தான். நாங்கள் ரெண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். பாண்டியம்மா இந்தப் பக்கம் நின்று பார்த்து நான் பார்த்ததில்லை. அவர் வலது கை சும்மா கம்பியைப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பாண்டியம்மா, ஒண்ணு சொல்லணும். நான் உடனே கத்துனேன்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன். உடனே கத்தல."

அவர் திரும்பவில்லை.

"பாம்பப் பாத்துட்டேன். ஒன் கை போறதயும் பாத்துட்டேன். வாயத் தெறந்தேன். நோட்டுல மூன்னு எழுதியிருக்கேனே, சனிக்கெழம கூட்டமாச்சேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கல்லுன்னா மேடத்துக்குத் தெரிஞ்சுரும். சத்தமில்லாம ஒனக்குச் சாடை காட்டிரலாமான்னு... வாய மூடிட்டேன். அப்புறந்தான் கத்துனேன்."

"தெரியும்ணே" என்றார் பாண்டியம்மா.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் எங்கன இருந்தேன்? அந்தா, அங்கன, உங்களப் பாத்தாப்புலதான் இருந்தேன். பாம்ப நான் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். தெறந்தீக, மூடுனீக, ஆபீசுப் பக்கம் ஒருக்கா பாத்தீக, அப்புறம் தெறந்தீக. என்னன்னு அப்பப் புரியல. வீட்டுக்குப் போயி கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தப்பப் புரிஞ்சிருச்சு."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு என்ன செய்ய? ரெண்டாவது தடவ தெறந்தீகல்ல. ஆனா ஒண்ணுண்ணே. நீங்க புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தக் கதையச் சொல்லும்போது, வாளியத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமா வருவேன். இன்னைக்காவது அந்த எடத்தச் சொல்றாகளான்னு கேக்கத்தான் வருவேன்."

உள்ளே கவுதாரிப் பேடின் மேல் தூசி படிந்திருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொஸ்தகத்துல எழுதிக்கிட்டு இருக்கீகளாமே" என்றார். "இதையும் எழுதுங்க. விட்டுறாதீக."

வீட்டுக்கு வந்து முன்பு எழுதியதை எடுத்துப் பார்த்தேன். 'நான் உடனே "கல்லு" என்று கத்தினேன்' என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை. மேடம் அப்படித்தான் பழக்கியிருக்கிறார். அது மேலே அப்படியே கிடக்கட்டும். நடந்தது இதோ கீழே இருக்கிறது: பார்த்தேன், வாயைத் திறந்தேன், மூடினேன், ஆபீஸ் பக்கம் பார்த்தேன், பிறகுதான் கத்தினேன்.

விடவில்லை, பாண்டியம்மா.